எண் பொருந்திய கார்

நான் ஒரு காலத்தில் ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டினேன் என்று சொன்னால், கேட்பவர்கள் முதலில் என் சேலையைப் பார்ப்பார்கள். பிறகு முகத்தைப் பார்ப்பார்கள். பிறகு பேச்சை மாற்றிவிடுவார்கள். வசதியான வீட்டுப் பிள்ளையாக இருந்திருப்பாள் என்று எண்ணுகிறவர்களும் உண்டு. அப்படி ஒரு வசதியும் எங்களிடம் இருக்கவில்லை. அறுபதுகளின் கடைசியில் திருகோணமலையில் ஒரு உதவி ஆசிரியையின் சம்பளத்தில் வாங்கக்கூடிய ஒரே கார் அது. வேறு யாருக்கும் வேண்டாம் என்பதால்தான் அது என் கைக்கு வந்தது.

வெள்ளைக்காரக் கடற்படை துறைமுகத்தை விட்டுப் போனபோது, உவர்மலை பங்களாக்களில் இருந்த அதிகாரிகள் கொண்டுபோக முடியாததையெல்லாம் விற்றார்கள். பியானோ, கதிரை, அலுமாரி, நாய், கார். பெரிய கார்களை நகரத்து முதலாளிமாரும் வழக்குப் பேசுகிற பிரக்கிராசிமாரும் போட்டி போட்டு வாங்கிக்கொண்டார்கள். இந்தக் கடும்பச்சைக் காரை மட்டும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதில் இரண்டே இரண்டு இருக்கைகள். தலைக்கு மேல் கூரை இல்லை. இழுத்து விரிக்கிற ஒரு கன்வஸ் துணி மட்டும். நம்முடைய வீடுகளில் கோயிலுக்குப் போவதென்றாலே ஏழு பேர் காரில் ஏறுவார்கள். இரண்டு பேர் போவதற்கு ஒரு காரா என்று எல்லோரும் சிரித்தார்கள்.

கடைசியில் கின்னியாவைச் சேர்ந்த ஒரு விறகு முதலாளி அதை வாங்கினார். அவருக்குக் கார் தேவைப்படவில்லை, எஞ்சின்தான் தேவைப்பட்டது. குடாவைக் கடந்து நகரத்துக்கு விறகும் நெல்லும் கொண்டுவருகிற தன் வள்ளத்தில் அந்த எஞ்சினைப் பூட்டினார். வெறும் கூடாகிப் போன கார் அவருடைய வளவில் புளியமரத்தின் கீழ் கிடந்தது. கோழிகள் அதற்குள் முட்டையிட்டன. பிறகு வெளிநாட்டுக் கார் இறக்குவது நின்று, சில்லு உள்ள எதற்கும் விலை வந்த காலத்தில், விடியலில் ஊர் ஊராய் ரொட்டி விற்கிற பேக்கரி ஒன்றின் பாண் வான் தம்பலகாமத்து வளைவில் குடைசாய்ந்தது. முதலாளி அந்த உடைந்த வானை வாங்கி, அதன் எஞ்சினைக் காருக்குள் வைக்கச் சொன்னார். வான் எஞ்சின் உயரம் கூடியது. காரின் முன்மூடி மூடவில்லை. மெக்கானிக் யோசிக்கவேயில்லை, மூடியில் சதுரமாக ஓர் ஓட்டை வெட்டிவிட்டார். எஞ்சினின் தலை அதற்குள்ளால் எப்போதும் வெளியே எட்டிப் பார்த்தபடி இருக்கும்.

எனக்குக் கார் ஆசை இருக்கவில்லை. குச்சவெளிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் எனக்கு நியமனம். காலையில் வடக்கே போகிற பஸ் ஒன்றுதான். அது வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. வந்தாலும் புல்மோட்டைக்குப் போகிற ஆட்கள் மிதிபலகை வரைக்கும் தொங்குவார்கள். எங்கள் தலைமை ஆசிரியர் மணி அடித்ததும் வரவுப் புத்தகத்தில் ஒரு சிவப்புக் கோடு கீறுவார். கோட்டுக்குக் கீழே கையெழுத்து வைத்தால் பிந்தி வந்தவள் என்று அர்த்தம். என் கையெழுத்து பெரும்பாலும் கோட்டுக்குக் கீழேதான் கிடந்தது. இப்படியே போனால் கல்விக் கந்தோருக்கு எழுதி இடமாற்றம் செய்விப்பேன் என்று அவர் ஒருநாள் சொல்லிவிட்டார்.

இடமாற்றம் என்றால் ஏதாவது துறை தாண்டிய ஊர். அங்கே யாருடைய வீட்டிலாவது அறை எடுத்துத் தங்க வேண்டும். அம்மா இறந்த பிறகு வீட்டில் அப்பாவும் நானும் மட்டும்தான். கலியாணமாகாத பிள்ளையை அப்படித் தங்க அப்பா விடமாட்டார். வேலையை விடு என்பார். அந்த வேலை எனக்கு உயிர். இதை இப்படிப் பச்சையாகச் சொல்ல எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. அந்தப் பிள்ளைகளுக்கு முன்னால் வெண்கட்டியோடு நின்றபோதுதான் நான் ஒரு முழு ஆளாக இருந்தேன். அதை விட்டுவிட்டு யாராவது என்னைக் கேட்டு வரும்வரை வீட்டில் குந்திக்கொண்டிருக்க நான் தயாராக இல்லை.

அதனால் ஒரு சனிக்கிழமை, பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறிக் கின்னியாவுக்குப் போனேன். முதலாளி என்னை விறாந்தையில் இருத்தித் தேத்தண்ணி தந்தார். நான் யார் வீட்டுப் பிள்ளை, அப்பா எங்கே வேலை செய்தவர் என்றெல்லாம் விசாரித்து முடித்த பிறகுதான் காரைக் காட்டக் கூட்டிக்கொண்டு போய் விலை சொன்னார்.

“டீச்சர், உள்ளத்தச் சொல்லுறன். இது கலியாண ஊட்டுக்குப் போற கார் இல்ல. மழ பேஞ்சா நனையும். வேகமாவும் ஓடாது, பாண் வான் இஞ்சின்தானே. ஆனா நடுவழியில நிக்காது.”

“அப்ப ஏன் முதலாளி இவ்வளவு விலை சொல்லுறீங்கள்?”

“நாலு சில்லு இரிக்கே.”

“சில்லு மாட்டு வண்டிலுக்கும் இருக்கு.”

“அதுக்கு மாடு வேணும் டீச்சர். மாட்டுட விலைய ஒருக்காக் கேட்டுப் பாருங்க.”

நான் இருக்கையில் கிடந்த கோழி எச்சத்தைக் காட்டினேன். கிழிந்த கன்வசைக் காட்டினேன். மூடியின் ஓட்டையைக் காட்டினேன். அவர் எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்று தலையாட்டினார். விலையை மட்டும் அசைக்கவில்லை. நான் திரும்பித் துறைப் பக்கம் நடக்கத் தொடங்கிய பிறகு கூப்பிட்டுக் குறைத்தார். என் சேமிப்பும் அம்மாவின் சங்கிலியும் அதற்குப் போயின. ஊரில் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். அப்பா காரைச் சுற்றி வந்து மூடியின் ஓட்டையைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

நகரத்து மெக்கானிக்கிடம் ஓட்டப் பழகி லைசென்ஸ் எடுத்தேன். பிறகு தொடங்கியது ஒரு கூத்து. அந்த எஞ்சினின் சத்தம் ஊருக்கெல்லாம் தெரிந்த சத்தம். வருடக் கணக்காக விடியலில் பாண் கொண்டுவந்த சத்தம். நான் சாம்பல்தீவு தாண்டி நிலாவெளிக்குள் நுழைந்தால் பெண்கள் பையும் கையுமாக வாசல் படலைக்கு ஓடி வருவார்கள். வந்தது பாண் இல்லை, டீச்சர் என்று கண்டதும் முகம் சுருங்கும். சில மாதங்களில் எனக்குப் ‘பாண் டீச்சர்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. ஒருத்தி காரை மறித்து, “டீச்சர், சும்மாதானே வாறீங்கள், நாளைக்கு ரெண்டு றாத்தல் பாண் வாங்கிக்கொண்டு வாறீங்களோ?” என்று கேட்டாள். வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். அதன் பிறகு தினமும் பக்கத்து இருக்கையில் எனக்குத் துணையாகப் பாண் வந்தது.

ஒரு வருடத்துக்கு மேல் அப்படி ஓட்டினேன். மழைக்காலத்தில் குடை பிடித்துக்கொண்டு ஓட்ட முடியாது என்பதால் தலையில் ஒரு மெழுகுசீலையைக் கட்டிக்கொள்வேன். பார்த்தவர்கள் சிரித்தார்கள். சிரித்தால் சிரிக்கட்டும், என் கையெழுத்து கோட்டுக்கு மேலே இருந்தது. தலைமை ஆசிரியர் கோடு கீற வரும்போது நான் வகுப்பில் கரும்பலகையில் கணக்கு எழுதத் தொடங்கியிருப்பேன். என் வாழ்க்கையில் நான் கேட்டுக் கிடைத்தது அது ஒன்றுதான்.

அந்த நாட்களில்தான் சம்பந்தம் ஒன்று வந்தது. மாப்பிள்ளை துறைமுகக் கந்தோரில் கிளாக்கர். எங்கள் பக்கத்து வழக்கப்படி வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்து இருப்பார். எங்கள் வீடு இரண்டு அறையும் ஒரு குசினியும். மாப்பிள்ளை வீட்டார் வந்து சுவரைப் பார்த்தார்கள், கூரையைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்தார்கள். அந்தப் பார்வையை அப்பாவால் தாங்க முடியவில்லை.

“பிள்ளையிட்டைக் கார் இருக்கு,” என்றார்.

நான் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். என் காசில் வாங்கிய கார், என் பெயரில் இருந்த கார், அந்த ஒரு சொல்லோடு சீதனமாகிப் போனது. யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவுமில்லை. நானும் தட்டத்தைத் தூக்கிக்கொண்டு போய் எல்லோருக்கும் தேத்தண்ணி கொடுத்தேன்.

அடுத்த கிழமை மாப்பிள்ளையின் தாய்மாமன் வந்தார். அவர் கொழும்பில் விபத்தில் அடிபட்ட வாகனங்களுக்குப் பெறுமதி போட்டுக் கொடுக்கிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சீதனத்தில் கார் என்றதும் அதை மதிப்பிட அவரை அனுப்பியிருந்தார்கள். கைலேஞ்சியில் சுற்றிய காந்தம் ஒன்றைக் கொண்டுவந்து காரின் உடம்பெல்லாம் தடவினார். காந்தம் ஒட்டாத இடத்தில் தகரம் இல்லை, பூசி மெழுகிய பசைதான் என்று விளக்கினார். நிலத்தில் கடதாசி விரித்துப் படுத்து அடிப்பக்கம் பார்த்தார். பதிவுப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, அதிலுள்ள எண்களை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார். இத்தனையும் செய்தவர் சாவியை மட்டும் கேட்கவில்லை.

“ஸ்டார்ட் பண்ணிக் காட்டட்டோ?” என்று நான் கேட்டேன்.

“தேவையில்லைப் பிள்ளை. ஓடுறது வேற, பெறுமதி வேற.”

அப்பாவின் பக்கம் திரும்பிச் சொன்னார்: “புத்தகத்தில இருக்கிற இஞ்சின் நம்பர் ஒண்டு, உள்ளுக்கு இருக்கிற நம்பர் வேற ஒண்டு. இது பாதிக் கார். வந்த இஞ்சினே இருந்தால் இதின்ர விலை எங்கேயோ போயிருக்கும். இப்பிடி இருக்கேக்க இதைக் கார் எண்டு என்னால சொல்லேலாது.”

அப்பாவை அறிந்தவர்களுக்கு அந்தச் சொல் அவருக்குள் எங்கே போய்த் தைத்தது என்று விளங்கும். அவர் கடற்படையின் டொக்யார்ட் ஸ்டோர்ஸில் ஆயுள் முழுக்க வேலை செய்தவர். கப்பலுக்குப் போகிற ஆணி, திருகு, குழாய் எல்லாவற்றுக்கும் ஓர் எண் உண்டு. எண் பொருந்தினால் சாமான், பொருந்தாவிட்டால் குப்பை. வெள்ளைக்காரன் போன பிறகும் அந்தப் பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை. வீட்டில் மிளகாய்த்தூள் டின்னுக்கும் கோப்பித்தூள் டின்னுக்கும்கூட வெள்ளைப் பெயின்ற்றால் எண் எழுதி வைத்திருந்தார். அப்படிப்பட்டவரின் வளவில் எண் பொருந்தாத கார் நிற்கிறது என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனார். அன்று அப்பா சாப்பிடவில்லை.

விறகு வள்ளத்தில் இருக்கும் பழைய எஞ்சினைத் திரும்ப எடுக்கப் போகிறார் என்று தெரிந்ததும் நான் சண்டை பிடித்தேன்.

“ஓடுற இஞ்சினை ஏன் கழட்டுறீங்கள் அப்பா?”

“அது உன்ர காரின்ர இஞ்சின் இல்லைப் பிள்ளை.”

“என்ர காரை அதுதானே ஓட்டுது.”

“உன்ர கலியாணக் காரியம். நீ பேசாமல் இரு.”

அந்த விடுமுறையில் ஆசிரியர்களுக்கான வகுப்பு ஒன்றுக்கு நான் மட்டக்களப்புக்குப் போக வேண்டியிருந்தது. ஒரு கிழமை கழித்துத் திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நடந்ததை மெக்கானிக் பிறகு எனக்குச் சொன்னார். அப்பா அவரையும் கூட்டிக்கொண்டு கின்னியாவுக்குப் போய் முதலாளியிடம் எஞ்சினுக்கு எஞ்சின் மாற்றிக்கொள்வோம் என்று கேட்டிருக்கிறார். முதலாளிக்கே ஒரு மாதிரி இருந்திருக்கிறது.

“சேர், இது பத்து வருஷத்துக்கு மேல உப்புத் தண்ணி குடிச்ச இஞ்சின்,” என்றாராம். “கடல்ல சூடு ஆத்துறதுக்குக் கடல் தண்ணியத்தான் உள்ளுக்கு இழுத்து விட்ட. உள்ளுக்கு என்ன கிடக்கு எண்டு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். பாண் வான் இஞ்சின் புதுசு மாதிரி. இந்த மாத்துல எனக்குத்தான் லாபம். பிறகு என்னையக் குறை சொல்லப்படாது.”

அப்பா அதைக் காதில் வாங்கவில்லை. கம்பிப் பிரஷ் ஒன்றை வாங்கி, வள்ளத்துக்குள் குனிந்து, துருவும் எண்ணெயும் படிந்த எஞ்சினின் பக்கத்தைத் தேய்த்திருக்கிறார். தேய்க்கத் தேய்க்க எண் வெளியே வந்தது. பதிவுப் புத்தகத்தை விரித்து ஒவ்வோர் இலக்கமாகப் பார்த்தார். கடைசி இலக்கமும் பொருந்தியதும் அவருடைய கண் கலங்கியதாம். மெக்கானிக் இதைச் சொன்னபோது நான் அப்பாவுக்காக இரங்க வேண்டும் என்று எதிர்பார்த்திருப்பார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஒரு இரும்புத் துண்டின் எண்ணுக்குக் கலங்கின கண், மகள் காலையில் எப்படிப் பள்ளிக்கூடம் போவாள் என்று ஒருமுறை யோசித்திருக்கலாம்.

எஞ்சினைக் கழுவி, சாம்பல் நிறப் பெயின்ற் அடித்து, எண் இருந்த இடத்தை மட்டும் துலக்கி விட்டிருந்தார்கள். முன்மூடியின் ஓட்டைக்குத் தகரம் வைத்து ஒட்டியிருந்தார்கள். பள்ளிக்கூடம் தொடங்கிய அன்று சாவியைத் திருப்பினேன். நான் பொய் சொல்லக் கூடாது: அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது. நிலாவெளி நேர் ரோட்டில் கார் இழுத்துக்கொண்டு பறந்தது. பாண் வான் எஞ்சினில் வேகமுள் எட்டாத இடத்துக்கெல்லாம் முள் போனது. ஒரு படலையிலும் ஒருத்தியும் வந்து நிற்கவில்லை. சத்தம் கேட்டு அவர்கள் எழும்புவதற்கு முன்னால் நான் கடந்துவிட்டேன். வெள்ளைக்காரன் எதற்கு இப்படி ஒரு காரைச் செய்தான் என்று அந்தச் சில மைலுக்குள் எனக்கு விளங்கியது. அந்தக் காலை நேரத்துச் சந்தோஷத்தை இப்போதும் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

உப்புநீர்க் களப்பு ஓரத்தில் முன்னால் ஆவி கிளம்பியது. நிறுத்தி மூடியைத் திறந்தேன். எஞ்சினின் பக்கச் சுவரில் ஒரு இடத்தில் அல்ல, நாலைந்து இடத்தில் தண்ணீர் வியர்த்து வழிந்தது. விரலை வைத்தேன், இரும்பு பொருக்காகப் பெயர்ந்து வந்தது. உள்ளே இரும்பு எப்போதோ அரித்துப் போயிருந்தது. உப்பும் துருவும் இறுகி அடைத்துக்கொண்டிருந்ததால்தான் அது இவ்வளவு நாளும் கடலில் ஓடியிருக்கிறது. நல்ல தண்ணீர் ஊற்றி ஓட்டியதும் அந்த அடைப்பு கரைந்து போயிற்று. வெயில் ஏறும்வரை நான் அங்கே நின்றேன். புல்மோட்டையிலிருந்து மணல் ஏற்றி வந்த லொறி ஒன்று கயிறு கட்டிக் காரை நகரத்துக்கு இழுத்துக்கொண்டு போனது. நான் அடுத்து வந்த ஒரு வண்டியில் ஏறிப் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சிவப்புக் கோட்டுக்குக் கீழே கையெழுத்து வைத்தேன்.

மெக்கானிக் ஒட்டிப் பார்த்தார். ஒரு ஓட்டையை அடைத்தால் பக்கத்தில் இன்னொன்று திறந்தது. இனி இதன் வயிற்றில் தண்ணீர் நிற்காது என்று கையை விரித்துவிட்டார். கார் ஓடாது என்று தெரிந்தால் சம்பந்தம் குழம்பிவிடும் என்று அப்பா பயந்தார். நான் அது குழம்ப வேண்டும் என்று உள்ளுக்குள் கேட்டுக்கொண்டேன். தாய்மாமன் திரும்பவும் வந்தார். எண் இருந்த இடத்தில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார், அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஓடாது என்று நானே வாய்விட்டுச் சொன்னேன். அவர் சிரித்தார். இப்படி எண் பொருந்திய கார் இலங்கையில் எத்தனை இருக்கும் என்று அவர் மாப்பிள்ளை வீட்டாரிடம் போய்ச் சொன்னார். கலியாணம் நடந்தது.

கலியாணத்துக்குப் பிறகும் நான் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போனேன். தலைமை ஆசிரியர் மீண்டும் இடமாற்றக் கதையைத் தொடங்கியிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் சொல்லாமல் கின்னியாவுக்குப் போய், பாண் வான் எஞ்சினைத் திரும்பத் தருவீர்களா என்று முதலாளியிடம் கேட்டேன். அவர் மனிதர். வள்ளம் அந்த எஞ்சினில் நன்றாக ஓடுகிறது, ஆனாலும் டீச்சர் கேட்டு இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை, வேறு எஞ்சின் கிடைத்ததும் கழற்றித் தருகிறேன் என்றார். வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன்.

“உமக்கென்ன விசரோ?” என்றார். “அந்த வான் இஞ்சினைத் திரும்பவும் ஏத்தினால் பெறுமதி என்னத்துக்கு ஆகும்? மாமா கேட்டால் சிரிப்பார்.”

“எனக்கு வேலைக்குப் போக வேணும்.”

“அதைத்தான் நானும் கதைக்க இருந்தனான். கார் உள்ள வீட்டுப் பொம்பிளை பஸ்ஸில தொங்கிக்கொண்டு போறது நல்லாயில்லை. கந்தோரில கேக்கினம். வேலையை விடும்.”

ஓடாத கார் வீட்டில் நிற்பதால் நான் பஸ்ஸில் போகக் கூடாது. இந்த நியாயத்தை நான் அன்றைக்குத் திருப்பித் திருப்பி யோசித்தேன். அதில் எங்கே பிடித்து எதிர்த்துப் பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. அப்பாவிடம் போய்ச் சொன்னேன். அவர் சொல்லுறதைக் கேள் பிள்ளை என்றார். சில மாதங்கள் இழுத்துப் பார்த்தேன். வீட்டில் தினமும் முகம் தூக்கல், பள்ளிக்கூடத்தில் சிவப்புக் கோடு, வயிற்றில் பிள்ளை. கடைசியில் விலகல் கடிதம் எழுதிக்கொண்டு போனேன். தலைமை ஆசிரியர் அதை வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். உங்களைப்போல் கணக்குப் படிப்பிக்க எனக்கு ஆள் கிடைக்காது என்றார். அதை அவர் முன்பே சொல்லியிருக்கலாம். நான் வகுப்புக்குப் போய்ப் பிள்ளைகளிடம் சொல்லாமல் வழக்கம்போலப் பாடம் நடத்தினேன். மணி அடித்ததும் வீட்டுக்கு வந்தேன்.

கார் எங்கள் வளவில் ஓலைக் கொட்டிலின் கீழ் நின்றது. அப்பா இருந்தவரை அப்பா துடைத்தார்; பிறகு கணவர் துடைத்தார். வீட்டுக்கு யார் வந்தாலும் காரை மூடிய படங்குச் சீலையை விலக்கி, முன்மூடியைத் திறந்து எண்ணைக் காட்டுவார். வந்தவர்கள் ஆ என்பார்கள். நான் அந்தப் பக்கம் போகவே மாட்டேன். உடுப்புக் காயப்போடும் கொடியைக்கூட வளவின் மறுபக்கத்துக்கு மாற்றிக் கட்டினேன்.

எழுபதுகள் முடிந்து இறக்குமதி திறந்துவிட்ட பிறகு கொழும்பில் புதுக் கார்கள் தாராளமாக ஓடத் தொடங்கின. புதிது கிடைத்தவுடன் பணக்காரருக்குப் பழையதில் ஆசை வந்துவிட்டது. பழைய இங்கிலீஷ் கார்களைச் சேர்க்கிற கொழும்பு வியாபாரி ஒருவர் யாரோ சொல்லக் கேட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். நன்றாகத் தமிழ் பேசினார், மரியாதையான ஆள். படங்கை விலக்கியதும் அவருடைய முகம் மலர்ந்துவிட்டது. எண்ணைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார். ஓடுமா என்று அவரும் கேட்கவில்லை. ஒரு விலை சொன்னார். கணவர் அந்த விலையை இன்னொருமுறை சொல்லக் கேட்டார். தாய்மாமன் சொன்னது சரிதான் என்று எனக்கு அந்த நிமிடம் தெரிந்தது. அவர் சொன்னது சரியாகிப் போனதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

வியாபாரி முன்மூடியைத் தடவிக்கொண்டே வந்தவர் தகரம் ஒட்டிய இடத்தில் நின்றார்.

“இது என்ன ஒட்டு?”

“அது தேங்காய் விழுந்தது,” என்றார் கணவர்.

“இஞ்சினை எப்பவாவது இறக்கி ஏத்தினதோ? வேற இஞ்சின் ஏதும் பூட்டி ஓடினதோ? அப்பிடி எண்டால் கணக்கு வேற. உள்ளுக்கு எதை வெட்டினது, எதை ஒட்டினது எண்டு எனக்குத் தெரிய வேணும்.”

“இல்லை. ஒருநாளும் இல்லை. நேவித் துரை ஓட்டினது, பிறகு எங்கட வீட்டிலதான் நிக்குது. ஒருத்தரும் ஓட்டேல்லை.”

வியாபாரி புத்தகத்தில் இருந்த பெயரைப் பார்த்துவிட்டு என்னைத் தேடினார். நான் குசினி வாசலில் நின்றேன்.

“அம்மா, கார் உங்கட பேரிலதானே இருக்கு. நீங்கள் சொல்லுங்கோ.”

கணவர் என்னைப் பார்த்தார். ஓம் என்று ஒரு சொல் போதும். அந்த ஒரு சொல்லுக்கு வரும் காசில் எங்கள் வீட்டுக்கு என்னவெல்லாம் வாங்கலாம் என்று எனக்கும் தெரியும். நான் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வளவுக்கு இறங்கி வந்தேன்.

“பாண் வான் இஞ்சின் ஒண்டு பூட்டியிருந்தது,” என்றேன். “அதுக்காகத்தான் மூடியை வெட்டினது. ஒரு வருஷத்துக்கு மேல நான் அதில தினமும் குச்சவெளிக்குப் பள்ளிக்கூடம் போய் வந்தனான். ஒருநாளும் நடுவழியில நிண்டதில்லை. இப்ப இருக்கிற இஞ்சின் ஒருநாள்தான் ஓடினது, அதுவும் அரைவாசித் தூரம்.”

வியாபாரி மூடியை மீண்டும் திறந்து உள்ளே வெட்டின இடங்களைத் தேடித் தேடிப் பார்த்தார். முதல் சொன்ன விலையில் பாதிக்கும் குறைவாகச் சொன்னார். கணவர் மறுத்துப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார், வியாபாரி அசையவில்லை. கொட்டிலிலேயே இன்னும் பத்து வருடம் வைத்திருப்பதா என்று யோசித்து, கடைசியில் ஒத்துக்கொண்டார். நான் கையெழுத்துப் போட்டேன். லொறி ஒன்றில் காரை ஏற்றிக்கொண்டு போனார்கள். காரைத் தள்ளி ஏற்றுவதற்கு அயல் வீட்டு ஆம்பிளைகளைக் கூப்பிட வேண்டியிருந்தது.

அவர்கள் போன பிறகு கணவர் விறாந்தைக் கதிரையில் வந்து இருந்தார். கோபத்தில் முகம் சிவந்து போயிருந்தது.

“உம்மட வாயால எவ்வளவு நட்டம் எண்டு தெரியுமோ?” என்று கேட்டார்.

“தெரியும்,” என்றேன். “நான் வேலையை விட்ட அண்டைக்கு இந்தக் கேள்வியை உங்களில ஒருத்தரும் என்னட்டைக் கேக்கேல்லை.”

நான் அவருக்கு எதிரே இருந்த கதிரையில் இருந்தேன். அன்றைக்கு நான் யாருக்கும் தேத்தண்ணி ஊற்றவில்லை.